பெட்டி வாங்கும் முன் படிகளை எண்ணுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ரவுட்டருடன் இணைத்து, குடும்பத்தார் அனைவருடைய படங்களையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க உதவும் ‘நாஸ்’ பெட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். எந்தப் பெட்டியில் எத்தனை ஹார்டு டிஸ்க் செருகலாம், வேகம் என்ன, விலை என்ன என்பதையெல்லாம் கட்டுரையாளர் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனால், இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாவதால் தரவுகள் அழிந்துபோகும் என்ற கவலை இனி இல்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. மன்னார்குடியில் இருபத்தேழு ஆண்டுகளாகப் புகைப்பட ஸ்டூடியோ நடத்தி வரும் நான், அதே நம்பிக்கையில் இருந்து, திரும்பப் பெற முடியாத ஒன்றை இழந்தவன். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் பகுதியில் தென்னைகள் மட்டும் சாயவில்லை. என் ஸ்டூடியோவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பெயர்ந்து, மேசை மேல் இருந்த கணினியும் அலமாரியில் அடுக்கியிருந்த ஹார்டு டிஸ்குகளும் விடிய விடிய மழையில் நனைந்தன. வாடிக்கையாளர்களின் திருமணப் படங்களில் பாதிக்கு மேல் போயின. அதற்கடுத்த ஆண்டு, கடன் வாங்கி, இரண்டு வட்டுகள் செருகும் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்தேன். “ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்” என்று கடையில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை; எது போனால் எது இருக்கும் என்பதை நான்தான் கேட்கத் தவறினேன்.

2022-இல் மடிக்கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. எல்லாம் பெட்டியில் இருக்கிறதே என்ற துணிவில் பழைய கோப்புறைகள் சிலவற்றை மடிக்கணினியிலிருந்து நீக்கினேன். நான் நிறுவியிருந்த மென்பொருள், படி (அதாவது தனி நகல்) எடுத்து வைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. இரு பக்கத்தையும் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு வகையைச் சேர்ந்தது. இங்கே நீக்கியது அங்கேயும் நீங்கியது. அங்கே ஒரு வட்டில் நீங்கியது அதே நொடியில் மற்ற வட்டிலும் நீங்கியது. அவற்றுள் என் தாயார் பாடிய நலங்குப் பாட்டுகளும் தாலாட்டுகளும் பதினொரு ஒலிக்கோப்புகளாக இருந்தன. முற்றத்தில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பாடியதைக் கைப்பேசியில் நானே பதிவு செய்தேன். பாட்டுக்கு இடையில் முறத்தின் ஓசையும் கேட்கும். அம்மா காலமாகி அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நீக்கிய கோப்புகளைச் சில நாள் வைத்திருக்கும் குப்பைத் தொட்டி வசதி அந்தப் பெட்டியில் உண்டு. நான் அதை இயக்கி வைத்திருக்கவில்லை.

‘ரெய்டு ஒன்று’ எனப்படும் இந்த இரட்டைப் பதிவு ஒரு கண்ணாடியைப் போன்றது. ஒரு வட்டு பழுதாகி நின்றுபோனால் மற்றது வேலையைத் தொடரும். அந்த ஓர் ஆபத்துக்கு அது நல்ல காவல், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தவறுதலாக நீக்குவதும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும், இடியும், திருட்டும், வெள்ளமும், கூரை பெயர்வதும் இரண்டு வட்டுகளையும் சேர்த்தே தாக்கும். ஆகவே அந்தப் பெட்டிக்குள் எத்தனை வட்டுகள் இருந்தாலும் அதை ஒரே ஒரு படியாகத்தான் கணக்கிட வேண்டும். ‘படி’ என்ற சொல்லை நாம் ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே வைத்திருக்கிறோம். ஒருவர் வீட்டுச் சுவடியைக் கரையான் தின்ற பிறகும், வேறோர் ஊரில் யாரோ படியெடுத்து வைத்திருந்ததால் கிடைத்த நூல்கள் நம்மிடம் ஏராளம். ஒரே பரணில் இரண்டு கட்டாக வைத்திருந்தால் கரையானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தகவல் தொழில்நுட்பத் துறையினர் இதை 3-2-1 என்ற கணக்காகச் சொல்கிறார்கள். தரவு மூன்று படிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். பெரிய அமைப்புகளுக்குத் தெரிந்த இந்த விதியை நம் வீடுகளுக்கு எதற்கு என்று நினைப்பவர்கள், தென் கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அரசின் தகவல் மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி டிரைவ்’ என்ற சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிகாபைட்) தரவு எரிந்தது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியில் ஒரு படி எடுக்கப்பட்டிருக்கவே இல்லை.

எனவே பெட்டி வாங்க எண்ணுவோர் முதலில் தங்கள் தரவின் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கைப்பேசிப் படங்களும் சான்றிதழ்களும் சில குடும்ப வீடியோக்களும் மட்டுமே உள்ள வீட்டில் அது பெரும்பாலும் 1 டெராபைட்டைத் தாண்டாது. அத்தகைய குடும்பத்துக்கு நாஸ் பெட்டியே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. யு.எஸ்.பி. வழியே இணைக்கும் வெளிவட்டுகள் இரண்டை வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வைத்தால், பெட்டி தராத பாதுகாப்பை அதைவிடக் குறைந்த செலவில் பெற்றுவிடலாம். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வீட்டுக்கும், என்னைப் போல் தொழில் நடத்துவோருக்கும்தான் பெட்டி உண்மையில் பயன்படும். அவர்களும் கையிலுள்ள பணம் முழுவதையும் பெட்டியிலேயே போட்டுவிடக் கூடாது. வெளியில் வைக்கும் படிக்கான வட்டின் விலையை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எந்தப் பெட்டி வருமோ அதை வாங்க வேண்டும்.

வட்டு வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. ஹார்டு டிஸ்கில் தடங்களை எழுதுவதில் இரண்டு முறைகள் உண்டு. தடங்களைத் தனித்தனியாக எழுதுவது சி.எம்.ஆர்.; ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதைப்போல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுவது எஸ்.எம்.ஆர். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கலைக்க வேண்டியிருப்பது போலவே, எஸ்.எம்.ஆர். வட்டில் ஒரு பகுதியைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத நேரும். பழுதான வட்டை நீக்கிப் புதியதைச் செருகி, தரவு முழுவதையும் அதில் மீண்டும் நிரப்பும் நேரத்தில் இந்தத் தாமதம் பெருந்தொல்லையாகும். நாஸ் பெட்டிக்கென்றே விற்கப்பட்டு வந்த தன் ‘ரெட்’ வகை வட்டுகள் சிலவற்றில் இந்த முறை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020 ஏப்ரலில்தான், பயனாளர்கள் கண்டறிந்து கேள்வி எழுப்பிய பிறகு, ஒப்புக்கொண்டது. ஆகையால் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அது சி.எம்.ஆர். தானா என்று நிறுவனத்தின் விவரப் பட்டியலில் பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வட்டுப் பெட்டி ஒன்று சுமார் 18 வாட் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடும்போது இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 26 யூனிட் ஆகும். இது பெரிய செலவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோவதே ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர் பெட்டியை ஓட வைக்குமே தவிர, மின்கலம் தீரப் போகிறது என்று அதற்குச் சொல்லாது. யு.எஸ்.பி. கம்பி வழியாகப் பெட்டியுடன் பேசி, உரிய நேரத்தில் அதை முறையாக அணைக்கச் செய்யும் சிறிய யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

வெளியூரிலிருந்தும் படங்களைப் பார்க்கலாம் என்ற வசதியை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. அதற்காகப் பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். 2021 ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்த ‘கியூலாக்கர்’ என்ற வைரஸ் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிட்காயினில் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், 2015-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே வராத ‘மை புக் லைவ்’ என்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் சாதனங்களில் இருந்தவை உலகின் பல இடங்களில் ஒரே நேரத்தில் துடைத்து அழிக்கப்பட்டன. பெட்டி வாங்கும்போது அதற்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும் என்று கேட்பது, எவ்வளவு கொள்ளும் என்று கேட்பதைவிட முக்கியம். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டியவர்கள் வி.பி.என். எனப்படும், பிறர் நுழைய முடியாதபடி பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும் இணைய வேண்டும். மூன்றாவது படியான வெளிவட்டைப் படியெடுக்கும் நேரம் தவிர எப்போதும் கழற்றியே வைக்க வேண்டும். கம்பியில் இணைந்திராத வட்டை எந்த வைரஸும் எட்டாது.

கூகுள் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்கள் இன்னும் பலர். கூகுள் போட்டோஸில் அளவின்றி இலவசமாகச் சேமிக்கும் காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட்தான் இலவசம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. இறந்துபோன தந்தையின் படங்கள் அவருடைய கணக்கில் மட்டுமே இருக்கும் வீடுகளில் இதை உடனே கவனிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் பெரிதுபடுத்த என்னிடம் வருவோர், கடவுச்சொல் தெரியாமல் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். கடைசியில் பழைய ரேஷன் அட்டையிலிருந்து படமெடுத்துத் தருகிறேன். பெட்டியின் கடவுச்சொல்லையும், வட்டைப் பூட்டியிருந்தால் அதன் திறவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்துவிட்டு, வீட்டில் இருவருக்காவது சொல்லிவைப்பது நல்லது.

படி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெளிவட்டிலிருந்து ஏதேனும் பத்துக் கோப்புகளை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பார்க்கிறேன். கால் மணி நேர வேலைதான். ஒத்திசைவு மென்பொருளை நீக்கிவிட்டு, பழைய நிலைகளையும் தேதிவாரியாக வைத்திருக்கும் மென்பொருளுக்கு மாறிவிட்டேன். பெட்டியின் குப்பைத் தொட்டி வசதியையும் இயக்கி வைத்திருக்கிறேன். வெளிவட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று என்னிடம் இருக்கும்போது மற்றது திருச்சியில் என் தங்கை வீட்டில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும்போது மாற்றிக்கொண்டு வருவேன்.

திருச்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அம்மாவின் பதினொரு பாட்டுகளில் ஒன்று மட்டும் மீண்டும் கிடைத்தது. எப்போதோ அதை நான் வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அவள் தன் பேத்தியைத் தூங்க வைப்பதற்காக அதைக் கைப்பேசியில் தனியே சேமித்து வைத்திருந்தாள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான அந்தத் தாலாட்டு இப்போது நான்கு இடங்களில் இருக்கிறது. மற்றப் பத்தும் எங்கும் இல்லை.

தங்கள் நாளிதழை நம்பிப் பொருள் வாங்கும் வாசகர்கள் பலர். அக்கட்டுரையின் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட்டு, இரட்டை வட்டு வேறு, காப்புப்படி வேறு என்பதைத் தனிக் கட்டமிட்டுத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
புகைப்பட ஸ்டூடியோ உரிமையாளர்,
மன்னார்குடி.