தின் லிசியை இன்னும் எத்தனை காலம் வாசலில் நிறுத்துவீர்கள்?

கிளீவ்லாந்து நகரின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நியமனக் குழுவினருக்கும், ஆண்டுதோறும் வாக்களிக்கும் இசைக்கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

முதல் இசைத்தட்டு வெளியாகி 25 ஆண்டுகள் ஆன எவரையும் உங்கள் புகழ் மண்டபத்தில் சேர்க்கப் பரிசீலிக்கலாம் என்பது உங்கள் விதி. அயர்லாந்தின் ராக் குழுவான தின் லிசியின் முதல் ஆல்பம் 1971-இல் வந்தது. ஆக, 1990-களின் நடுவிலேயே அவர்கள் தகுதி பெற்றுவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பெயரை உங்கள் வாக்குச்சீட்டில் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது 2020-ஆம் ஆண்டுத் தேர்வுக்குத்தான். அந்த ஆண்டு டெபெஷ் மோட், டூபி பிரதர்ஸ், விட்னி ஹூஸ்டன், நைன் இஞ்ச் நெய்ல்ஸ், நட்டோரியஸ் பி.ஐ.ஜி., டி. ரெக்ஸ் ஆகியோர் உள்ளே போனார்கள். ஒருவர்கூடத் தகுதியில்லாதவர் அல்லர். தின் லிசி வெளியே நின்றது.

ரசிகர் வாக்கெடுப்பு என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே என்று நீங்கள் கேட்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளுக்கு நடுவே ரசிகர்கள் அனைவரின் வாக்கும் சேர்ந்து ஒரே ஒரு சீட்டாகத்தான் எண்ணப்படுகிறது. அதே 2020-இல் ரசிகர் வாக்கில் முதலிடம் பெற்ற டேவ் மேத்யூஸ் பேண்டுக்கே அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. எனவே அந்தப் பெட்டியில் போடும் வாக்கை நம்பாமல், உங்களிடம் நேரடியாகவே பேச வந்திருக்கிறேன். இந்தக் குழுவை அதன் ரசிகர்கள் ஏன் இப்படி நேசிக்கிறார்கள் என்பதைச் சொன்னால், அவர்களுடைய இடம் எதுவென்று உங்களுக்கே விளங்கும் என்று நம்புகிறேன்.

அமெரிக்க விற்பனைப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் தின் லிசி ஒரே ஒரு பாட்டின் குழு. 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' 1976-இல் அங்கே 12-ஆம் இடம் வரை ஏறியது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் அவர்களுக்கு அப்படியொரு வெற்றி வரவில்லை. அது ஏன் நடந்தது என்பதையும் பாருங்கள். பாட்டு ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் குழுவின் பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான ஃபில் லைனட் மஞ்சள் காமாலையில் விழுந்தார். ரெயின்போ குழுவுடன் போகவேண்டிய அமெரிக்கச் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் இன்னொரு பயணத்துக்கு மூட்டை கட்டிய நிலையில், லண்டன் கிளப் ஒன்றில் நடந்த அடிதடியில் கிதார் கலைஞர் பிரையன் ராபர்ட்சனின் கை கிழிந்தது. அதுவும் ரத்தானது. 1977 தொடக்கத்தில் குவீன் குழுவுடன் அமெரிக்கா போனபோது அவருக்குப் பதிலாக கேரி மூர் வாசித்தார். காமாலையும் கைக்காயமும் இசையின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் கதையே வேறு: 1978-இன் கச்சேரி ஆல்பம் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்', 1979-இன் 'பிளாக் ரோஸ்' இரண்டுமே பிரிட்டனில் 2-ஆம் இடத்தைப் பிடித்தன. 1981 ஆகஸ்டில் அயர்லாந்தின் ஸ்லேன் கோட்டையில் நடந்த முதல் பெரும் கச்சேரியில் தின் லிசிதான் முதன்மைக் குழு. அன்று அவர்களுக்கு முன்னால் வாசித்த குழுக்களில் ஒன்றின் பெயர் யூ2. அந்த யூ2 2005 முதல் உங்கள் மண்டபத்தில் இருக்கிறது.

விற்பனையை விடுங்கள், ரசிகன் எண்களைக் காதலிப்பதில்லை. இரண்டு கிதார்களிலிருந்து தொடங்குகிறேன்.

1974-இல் லைனட் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். ஸ்காட் கோர்ஹாம் கலிஃபோர்னியாக்காரர். ராபர்ட்சன் கிளாஸ்கோவைச் சேர்ந்த 18 வயதுப் பையன். ஹார்ட் ராக்கில் இரண்டு கிதார்கள் இருந்தால் ஒன்று முன்னால் பாயும், மற்றது பின்னால் தாளம் பிடிக்கும், அதுதான் வழக்கம். இவர்கள் இருவரும் முன்னால் வந்து ஒரே மெட்டை, ஒரே அசைவில், சுருதியில் மட்டும் சற்று விலகி வாசித்தார்கள். நம் ஊர்க் கோயிலில் இரட்டை நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இரண்டு கருவிகள் ஒரே மூச்சில் போவது புதிதல்ல. ஆனால் அங்கே இருவரும் ஒரே ஸ்வரத்தைத் தொடுவார்கள். இங்கே ஒருவர் தொடும் ஸ்வரத்துக்கு மேலே மூன்றாம் ஸ்வரத்தை இன்னொருவர் தொடுகிறார், அந்த இடைவெளியைக் கடைசிவரை காப்பாற்றுகிறார். இதை முதலில் செய்தவர்கள் இவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆல்மன் பிரதர்ஸும் விஷ்போன் ஆஷும் முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் அதை நீண்ட வாசிப்பிலிருந்து பிரித்தெடுத்து, மூன்று நான்கு நிமிடப் பாட்டின் நடுவே, ஒருமுறை கேட்டவன் மறுநாள் முணுமுணுக்கும் மெட்டாக மாற்றியவர்கள் இவர்கள்தாம். 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' பாட்டில் பல்லவி முடிந்ததும் வரும் அந்தக் கிதார் மெட்டைக் கேளுங்கள். சொற்கள் மறந்துபோனவர்கள்கூட அதைப் பாடுவார்கள்.

அந்தப் பாட்டுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. பிரையன் டவுனியின் டிரம்ஸ். கிதார்கள் கனமாக இறங்கும்போதும் அவர் கை ஜாஸ் கலைஞனைப்போல் ஊஞ்சலாடுகிறது. கனமான இசை பெரும்பாலும் நேர்க்கோட்டில் நடக்கும். தின் லிசி தோளை அசைத்துக்கொண்டு நடக்கும். 1971 முதல் 1983 வரை வந்த 12 ஸ்டூடியோ ஆல்பங்களிலும் கிதார் கலைஞர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லைனட்டும் டவுனியும் மட்டும் மாறவில்லை. டவுனியைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதியதில்லை என்பது என் தீராத மனக்குறை.

இனி லைனட். 1949-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் பிறந்தவர். தாய் ஃபிலமீனா டப்ளின்காரர். தந்தை அன்றைய பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர். பாட்டி சேராவின் வீட்டில், டப்ளினின் கிரம்லின் பகுதியில் வளர்ந்தார். ஐம்பதுகளின் டப்ளினில் கறுப்பினச் சிறுவனாக வளர்வது எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அந்த வலியைப் பாட்டாகவும் எழுதினார். ஆனால் மனக்கசப்பு அவருடைய குரலின் குணமாகிவிடவில்லை. பாட்டியின் பெயரில் 1972-இல் ஒரு பாட்டு, தன் மகளின் பெயரில் 1979-இல் இன்னொரு பாட்டு, இரண்டுக்கும் தலைப்பு 'சேரா'. தோல் காற்சட்டையும் கறுப்பு பேஸ் கிதாருமாக மேடையை அதிரவைத்த மனிதர் இந்த இரண்டையும் வெட்கமில்லாமல் பாடினார்.

அந்தக் காலத்து ஹார்ட் ராக் பாடகர்கள் பலர் தங்கள் வல்லமையைப் பாடினார்கள். லைனட் மற்றவர்களைப் பற்றிப் பாடினார். ஊரைவிட்டுப் போன நண்பர்கள் திரும்பிவிட்டார்கள் என்ற சேதியை ஒருவன் இன்னொருவனிடம் சொல்வதுதான் அந்தப் புகழ்பெற்ற பாட்டு. யார் வந்தார்கள், யார் யாரை விசாரித்தார்கள், எந்தப் பெண் எவன் கன்னத்தில் அறைந்தாள் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப்போலவே போகும். 'டோன்ட் பிலீவ் எ வேர்ட்' பாட்டில் காதலனே தன் காதல் மொழியை நம்பவேண்டாம் என்று எச்சரிக்கிறான். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் பாட்டில் ஒரு நீண்ட கதையின் கனம் இருக்கிறது. 'காட் டு கிவ் இட் அப்' பாட்டில் தன் குடியையும் போதையையும் ஒளிக்காமல் பேசினார். அதிலிருந்து அவர் மீளவில்லை. 1986 ஜனவரி 4 அன்று 36 வயதில் இறந்தார். அந்தப் பாட்டை இன்றும் என்னால் நிதானமாகக் கேட்க முடிவதில்லை.

மேடையில் இவர்களை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்வதில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். லைனட்டின் பேஸ் கிதாரில் முன்தகடு கண்ணாடியால் ஆனது. விளக்கின் வட்டம் தன்மேல் விழும்போது அவர் கிதாரை மெல்லச் சாய்ப்பார். அந்த ஒளி திரும்பிப் பாய்ந்து இருட்டில் நிற்கும் கூட்டத்தின் மேல் ஊரும். பின்வரிசையில் நிற்கும் ஒருவன் முகத்தில் ஒரு கணம் நிற்கும், அடுத்தவனுக்குப் போகும். 1972-இல் ஸ்லேட் குழுவுக்கு முன் வாசிக்கப் போனபோது, அசையாமல் நின்று பாடிய லைனட்டை அந்தக் குழுவின் மேலாளர் கடிந்துகொண்டார் என்பது பலரும் அறிந்த கதை. ஸ்லேட் பாடகர் நாடி ஹோல்டரின் கண்ணாடித் தொப்பியைப் பார்த்துத்தான் இந்த உத்தி அவருக்குத் தோன்றியது. கூச்சமுள்ள ஓர் இளைஞர் கூட்டத்தோடு பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். தன்மேல் விழும் வெளிச்சத்தைக் கூட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறவனைக் கூட்டம் மறக்காது. எங்கள் அன்புக்கு இதைவிட எளிய காரணத்தை என்னால் சொல்ல முடியாது.

'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' பற்றி உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். அதில் பெரும்பகுதி பின்னர் ஸ்டூடியோவில் திரும்பப் பதிவு செய்யப்பட்டது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னார், குழுவினர் மறுத்தார்கள். இந்த வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2023-இல் அந்த ஆல்பம் பதிவான பயணங்களின் கச்சேரிகள் பெரிய தொகுப்பாக வெளிவந்தன. ஒட்டுவேலை இல்லாத அந்தப் பதிவுகளிலும் அதே ஆவேசம், அதே ஒழுங்கு இருப்பதை எவரும் கேட்கலாம். ஆல்பத்தில் 'கவ்பாய் சாங்' முடியும் இடத்துக்குப் போங்கள். கடைசி ஒலி அடங்கவில்லை. லைனட் அதன்மேலேயே அடுத்த பாட்டின் பெயரைச் சொல்ல, 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' இடைவெளியே இல்லாமல் எழுகிறது. கூட்டத்தின் இரைச்சல் ஒரு விநாடி பின்தங்கி வந்து சேர்கிறது. 'ஸ்டில் இன் லவ் வித் யூ'வில் ராபர்ட்சன் வாசிக்கும் தனி வாசிப்பையும் கேளுங்கள். 20 வயதைச் சற்றே தாண்டிய கைகள் அவ்வளவு பொறுமையாக வாசித்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எல்லா ஆல்பமும் ஒரே தரம் என்று வாதாடமாட்டேன். 'நைட்லைஃப்' மென்மை கூடிப்போன ஆல்பம். 'ரெனகேட்' களைத்துப்போனவர்களின் ஆல்பம். ஆனால் உங்கள் மண்டபத்தில் இருக்கும் எந்தக் குழுவுக்குக் களைத்துப்போன ஆல்பம் இல்லை? 1979-இன் 'ரோஷீன் டவ்' என்ற ஏழு நிமிடப் பாட்டை அதன் எதிர்த்தட்டில் வையுங்கள். அயர்லாந்தின் நாட்டார் மெட்டுகளை கேரி மூர் மின்கிதாரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போக, லைனட் கூஹுலன் என்ற பழங்கதை வீரனில் தொடங்கி, எழுத்தாளர்கள் ஜாய்ஸ், ஒயில்டு, பீஹன், பாடகர் வான் மாரிசன், கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் வரை எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கிறார். தன் நாட்டை முழுதாகச் சொந்தமாக்கிக்கொண்ட ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும்.

மற்றவர்கள் மேல் கொண்ட தாக்கத்தையும் நீங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். 'விஸ்கி இன் தி ஜார்' என்ற பழைய ஐரிஷ் பாட்டுக்கு 1972-இல் குழுவின் முதல் கிதார் கலைஞர் எரிக் பெல்லின் கிதார் கொடுத்த வடிவத்தைத்தான் மெட்டாலிகா 1998-இல் எடுத்தாண்டது. அதற்காக 2000-இல் கிராமி விருதும் வாங்கியது. மெட்டாலிகா 2009 முதல் உங்களிடம் இருக்கிறது. அயர்ன் மெய்டன் 'மசகர்' பாட்டைப் பதிவு செய்தது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸும் மெகாடெத்தும் தங்கள் பங்குக்குப் பாடினார்கள். இவ்வளவு வேறுபட்ட குழுக்கள் ஒரே கிணற்றில் நீர் இறைத்திருக்கின்றன.

எனவே கேட்கிறேன். அடுத்த வாக்குச்சீட்டில் தின் லிசியின் பெயரைத் திரும்ப வையுங்கள். ஜூடாஸ் பிரீஸ்டை 2022-இல் தனி விருது வழியாக உள்ளே அழைத்ததுபோல் பக்கவாசல் தேடவேண்டாம். நிகழ்த்துகலைஞர் பிரிவிலேயே தாருங்கள். பட்டியலில் லைனட், டவுனி, எரிக் பெல், கோர்ஹாம், ராபர்ட்சன், கேரி மூர், ஸ்னோயி ஒயிட், டேரன் வார்ட்டன், ஜான் சைக்ஸ் ஆகிய அனைவரும் இருக்கட்டும். மூர் 2011-இல் போய்விட்டார். மகனின் கல்லறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிலமீனா 2019-இல் போய்விட்டார். சைக்ஸ் 2024-இன் இறுதியில் போய்விட்டார். பெல்லும் டவுனியும் கோர்ஹாமும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் மேடையேறி நின்று வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு தின் லிசி ரசிகர்