"எனக்குத்தான் ஒன்றுமில்லையே, எதற்கு மாத்திரை?"
யானைக்கால் நோய்த் தடுப்புப் பணி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கும் யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுக்கும்போது அவர்கள் கேட்பது மேற்கண்ட கேள்விதான். அதற்கு "அரசு கொடுக்கிறது, சாப்பிடுங்கள்" என்பது பதிலாகாது. காரணத்தைச் சொல்லுங்கள்; மக்களுக்குப் புரியும்.

யானைக்கால் புழு நிணநீர் நாளத்துக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். உடல் அதைப் பொறுத்துக்கொள்ள, நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் ஒரு வகை வெள்ளையணுக்களான ஒழுங்குபடுத்தும் டி செல்களும், அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 புரதமும் முக்கியக் காரணம். தாக்க வரும் செல்களை இவை அடக்கிவைப்பதால் திசு அழற்சியிலிருந்து தப்புகிறது. கூடவே புழுவும் தப்பிவிடுகிறது. புழு தொற்றியும் வெளியே வீக்கமே இல்லாத ஆணின் விதைப்பையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால், விரிந்த நாளத்துக்குள் புழுக்கள் நெளிவதைக் காணலாம். அந்தப் புழுக்கள் ஈனும் குட்டிப் புழுக்களை அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்துத்தான் கொசு நோயை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறது.

ஆகவே மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். சாப்பாட்டுக்குப் பின், கண்முன்னே விழுங்க வையுங்கள். பிறகு வரும் காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் குட்டிப் புழுக்கள் சாவதால் வருபவை. ஓரிரு நாளில் தணியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு கதவு திறக்காது.

ரத்தத்தில் புழுவின் புரதம் இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைப் பட்டையில் (எஃப்டிஎஸ்) 75 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, சரியாக 10 நிமிடத்தில் பாருங்கள். தாமதமானால் தொற்று இல்லாதவருக்கும் தொற்றைக் காட்டும் கோடு தெரியும். கண்ணாடித் தகட்டில் ரத்தப்பூச்சு எடுப்பதானால் இரவு 10 மணிக்கு மேல்தான்; பகலில் குட்டிப் புழுக்கள் நுரையீரலில் ஒதுங்கிவிடும்.

ஏற்கெனவே கால் வீங்கியவர்களின் நிலை வேறு. அவர்களிடம் ஒழுங்குபடுத்தும் செல்களின் பிடி தளர்ந்து, அழற்சிச் செல்கள் மேலோங்கியிருப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். எலிகளில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஆம்பிரெகுலின் என்ற புரதத்தைச் சுரந்து, காயமடைந்த தசை ஆறத் துணைபுரிகின்றன. வீங்கிய காலிலோ, விரல் இடுக்கு வெடிப்பு வழியே பாக்டீரியா திரும்பத் திரும்ப நுழைவதால் அழற்சி ஓய்வதேயில்லை. திசு ஆறாமல் தடித்துப்போகிறது. மாத்திரையால் மட்டும் அந்தக் கால் வடியாது.

அதனால் மாத்திரைப் பையோடு ஒரு வாளி, சாதாரண சோப்பு, பருத்தித் துணி, பூஞ்சைக்கொல்லிக் களிம்பு இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். தினமும் காலை வெந்நீரில் அல்லாமல் சாதாரண நீரில் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஒற்றித் துடைக்க வேண்டும். தேய்த்தால் தோல் கிழியும். இடுக்கு வெளுத்து ஊறியிருந்தால் களிம்பு பூச வேண்டும். கால் சிவந்து, நெறி கட்டி, காய்ச்சல் அடித்தால் ஈரத்துணி போட்டு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த நேரத்தில் புழு மாத்திரை வேண்டாம்.

நோயாளியால் குனிய முடியாவிட்டால், வீட்டில் இன்னொருவருக்கும் கழுவிக் காட்டிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணி நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர்கள்