கிரேஃபிஷ் வாங்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் கிரேஃபிஷ் எனும், இறால் இனத்தைச் சேர்ந்த நன்னீர் உயிரியை வாங்குவோர், பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிடாமல், அதை நீரில் மிதக்கவிட்டு, குளோரின் நீக்கிய தொட்டி நீரை அரை மணி நேரமாவது பையினுள் சிறிது சிறிதாகக் கலந்த பின்னரே அதைத் தொட்டியில் இறக்கிவிட வேண்டும். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டியும், இடுக்கில்லாத மூடியும் அவசியம். இல்லாவிட்டால் காற்றுக் குழாயைப் பற்றியேறி வெளியே விழுந்துவிடும். பாம்பு சட்டை உரிப்பதுபோல் அது கழற்றும் மேல் ஓட்டினை, செத்த உடல் என்றெண்ணிப் பலர் எறிந்துவிடுவது வருத்தமளிக்கிறது; சுண்ணாம்புச் சத்துக்காக அதையே அது தின்னும். செம்பு கலந்த மீன் மருந்து இதற்கு நஞ்சு என்பதையும், வளர்க்க இயலாவிட்டால் ஏரி, குளங்களில் விடக் கூடாது என்பதையும் கடைக்காரர்கள் விற்கும்போதே கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், பெரம்பூர், சென்னை