பிஸ்கட் பொதியும் சேமலாப நிதியும்

ஆசிரியருக்கு,

காடழித்துப் பெறப்படும் பாம் எண்ணெயை உணவு உற்பத்தி நிறுவனங்கள் கைவிடவேண்டும் எனத் தங்கள் நாளிதழ் தீட்டிய ஆசிரியர் தலையங்கம் காலத்துக்கு ஏற்றதே. ஆயினும் அது வேண்டுகோளோடு நின்றுவிட்டது. இந்தோனேசியக் காடுகளை அழித்த வழங்குநரிடம் நெஸ்லே உணவு நிறுவனம் எண்ணெய் வாங்குவதாக கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2010ஆம் ஆண்டு நடத்திய பிரசாரமும் அதையொட்டி எழுந்த பொதுமக்கள் எதிர்ப்பும்தான், அந்நிறுவனத்தை இரண்டே மாதங்களில் காடழிப்பற்ற கொள்வனவுக் கொள்கையை அறிவிக்கவைத்தன.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதில் என்ன உரித்து என்று சிலர் கேட்கக்கூடும். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் எமது பிள்ளைகளின் சம்பளத்தில் மாதந்தோறும் 8 வீதம் சென்றுசேரும் ஊழியர் சேமலாப நிதியம், கொழும்புப் பங்குச் சந்தையிலும் முதலிட்டுள்ளது. அவ்வகையில் அவர்களும் பங்குதாரர்களே. எங்கள் ஊர்க் கடையில் நான் புரட்டிப் பார்த்த பிஸ்கட் பொதிகளில் (கடைக்காரர் முறைத்தது வேறு கதை) ‘தாவரக் கொழுப்பு’ என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. எந்த மரத்தினது, எந்த நாட்டினது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஆகவே, நிதியத்தை நிர்வகிக்கும் மத்திய வங்கி, தான் பங்கு வைத்திருக்கும் எந்த உணவு நிறுவனத்திடமும் எண்ணெயின் மூலத்தை ஆண்டறிக்கையில் வெளியிடுமாறு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கோரவேண்டும்.

வாசகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.