பெட்டிசத்தில நான் ஏன் கையெழுத்து வைக்கேல்ல

எங்கட டவுன்ஹவுஸ் நிர்வாக சபையில இருக்கிற ஆக்களுக்கும், பெட்டிசத்தோட வீடு வீடா வந்த அயலட்டை ஆக்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ர வாசலுக்கு வந்து "கயோட்டி எண்ட அந்த நாய்ச்சாதிக் காட்டு மிருகத்தைப் பிடிச்சுக்கொண்டு போகச்சொல்லி ரொறன்ரோ சிற்றிக்குக் குடுக்கப்போறம், ஒரு கையெழுத்து வையுங்கோ" எண்டு கேட்டனீங்கள், நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினதில கொஞ்சப் பேருக்கு மனவருத்தம் எண்டு பேந்து கேள்விப்பட்டன். என்ர அம்மாக்கு நடந்ததை வச்சுத்தான் அந்தப் பெட்டிசமே எழுதினது, பெத்த மகளே கையெழுத்து வைக்கேல்ல எண்டா ஆருக்கும் குழப்பமாத்தான் இருக்கும், அதால வாசல்ல நிண்டு அஞ்சு நிமிசத்தில சொல்லேலாததை வடிவா எழுதுவம் எண்டு இருந்திட்டன்.

நடந்ததை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிக் கதைக்கினம், "அம்மாவைத் துரத்திக்கொண்டு வந்து கடிக்கப் பாத்ததாம்" எண்டு கூட ஒருத்தர் என்னட்டையே சொன்னார். நடந்தது இதுதான். அம்மாக்கு 74 வயசு, சுகர் இருக்கிறபடியா டொக்டர் நடக்கச் சொன்னவர், விடிய ஆறரைக்கு, கரண்ட் போற பெரிய ஹைட்ரோ லைனுக்குக் கீழால போற பாதையில, அதுதான் இப்ப மெடோவே எண்டு பேர் வச்சு புல்லும் காட்டுப்பூவும் வளர விட்டிருக்கினமே, அதில அரை மணித்தியாலம் நடந்திட்டு வருவா. அண்டைக்கும் அப்பிடித்தான் போனவ. பத்தைக்குப் பக்கத்தில சாம்பலும் மண்ணிறமுமா, காது ரெண்டும் நிமிந்து, வால் கீழ தொங்கி நுனி கறுப்பா ஒண்டு நிண்டிருக்கு, ஆரோ அவிட்டுவிட்ட நாய் எண்டு நினைச்சு, ஊரில ஒழுங்கை நாயைக் கண்டா செய்யிற மாதிரிக் குனிஞ்சு கல்லெடுக்கப் பாத்திருக்கிறா. ஊர் நாய் எண்டா நாங்கள் குனிஞ்ச உடனயே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருக்கும். இது ஓடேல்ல, அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டது. அம்மா பயந்து திரும்பிக் கெதியா நடக்க, அதுவும் ஒரு இருபது மீற்றர் பின்னால நடந்து வந்திருக்கு, அம்மா நிண்டா அதுவும் நிக்கும், நடந்தா அதுவும் நடக்கும், பெரிய றோட்டுக்குக் கிட்ட வந்த உடன அது நிண்டு, கொஞ்ச நேரம் பாத்திட்டுத் திரும்பிப் போட்டுது. உறுமவும் இல்லை, பாயவும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அம்மா வீட்டுக்கு வரேக்க கை கால் நடுங்கினபடி, பிரஷர் ஏறி, "என்னைத் தின்னத்தான் பிள்ளை வந்தது" எண்டு சொல்லி அழுதா. அந்தப் பயத்தை நான் சின்ன விசயம் எண்டு சொல்ல மாட்டன், அம்மாவைக் கட்டிப்பிடிச்சு இருத்தி வச்சுத் தேத்தண்ணி குடுத்தது நான்தான்.

ஆனா பேந்து இதைப்பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு விளங்கினது வேற. கயோட்டியள் தை, மாசியில சோடி சேரும், ஒம்பது கிழமை சுமந்து சித்திரை, வைகாசியில குட்டி போடும். அம்மாக்கு இது நடந்த மே மாசம் எண்டா குட்டியள் குழிக்குள்ள, கண் திறந்து கொஞ்ச நாளாத்தான் இருக்கும். அந்த நேரம் ஆராவது குழிக்குக் கிட்டப் போனா தாயோ தகப்பனோ பின்னால வந்து அந்த இடத்தை விட்டு அனுப்பிப்போட்டுத்தான் திரும்பும், இதை இஞ்ச எஸ்கோர்ட் பண்ணுறது எண்டு சொல்லுவினம். வயலுக்குள்ள முட்டைக்குக் கிட்டப் போனா ஆட்காட்டி தலைக்கு மேல கத்திக்கத்தி எங்களை வரம்பு தாண்ட வைக்குமே, அதே வேலைதான். இதை அம்மாக்குச் சொன்னன், கன நேரம் பேசாம இருந்தவ, பிறகு "எத்தினை குட்டியாம்?" எண்டு கேட்டவ. நாலில இருந்து ஏழு வரைக்கும் இருக்கும் எண்டன்.

எங்கட ஆக்கள் சிலபேர் இதை நரி எண்டினம், சிலபேர் ஓநாய் எண்டினம். ஊரில ஊளையிடுற நரி வேற, இது வேற. முந்தி மேற்குப் பக்கப் புல்வெளியளில இருந்த மிருகம், வெள்ளைக்காரர் காட்டை வெட்டி ஓநாயளை அழிச்ச பிறகு கிழக்க வந்தது, ஒன்ராறியோவுக்கு வந்து நூறு வருசத்துக்கு மேல. வாற வழியில ஓநாயோடயும் நாயோடயும் கலந்ததால மேற்கில இருக்கிறதை விட இஞ்ச கொஞ்சம் பெரிசு, எண்டாலும் இருபது கிலோ சொச்சத்தைத் தாண்டுறது அருமை, வின்டர் மயிரோட பாக்கேக்கதான் அல்சேஷன் நாய் அளவு தெரியும். இரவில கேக்கிற ஊளையும் அப்பிடித்தான், ரெண்டு நிண்டு குரலை மாத்தி மாத்தி ஊளையிட்டா பத்து நிக்குது எண்டு நினைப்பம். றேவின் எண்ட பள்ளத்தாக்கு, ஹைட்ரோ லைன், ரயில் பாதை, இதெல்லாம் அதுகளுக்கு றோட்டு மாதிரி. மெடோவே 16 கிலோமீற்றர், ஒரு முனை டொன் ஆத்துப் பக்கம், மற்ற முனை ரூஜ் பார்க், அந்த வழி எங்கட பின்வளவு வேலியோட போகுது. அதால கயோட்டி இஞ்சால வாறதை ஒருத்தராலும் நிப்பாட்டேலாது, வந்து நிண்டு பழகுறதை மட்டும்தான் நாங்கள் நிப்பாட்டலாம்.

ஆபத்தே இல்லை எண்டு நான் சொல்ல வரேல்ல. 2009 ஒக்ரோபரில ரொறன்ரோ பிள்ளை, ரெய்லர் மிச்சல் எண்ட 19 வயசுப் பாடகி, நோவா ஸ்கோஷியாவில கேப் பிரெட்டன் நஷனல் பார்க்கில தனிய நடக்கேக்க கயோட்டியள் தாக்கிச் செத்தவ. 1981ல கலிபோர்னியாவில ஒரு மூண்டு வயசுக் குழந்தையும் செத்தது. வட அமெரிக்காவில கயோட்டியால மனுசர் செத்ததா பதிவில இருக்கிறது இந்த ரெண்டும்தான், ஆனா பறிகுடுத்த வீட்டுக்கு ரெண்டு எண்டது சின்ன எண்ணிக்கை இல்லை. கேப் பிரெட்டன் கயோட்டியள் எங்கட சாப்பாட்டுக்குப் பழகினதுகளும் இல்லை, மூஸ் மாதிரிப் பெரிய மிருகத்தைத் திண்டு வாழ்ந்ததுகள் எண்டு பிறகு ஆராய்ஞ்சு பாத்தவை. இஞ்ச ஸ்காபரோவிலயே 2021ல நாயோட நடந்துபோன பத்து வயசுப் பிள்ளையைக் கயோட்டி கலைச்சது, அந்தச் சின்ன நாய் குறுக்க நிண்டு கடி வாங்கினது, வீடியோவை நீங்கள் கனபேர் பாத்திருப்பியள். 2022ல ரொறன்ரோவுக்குக் கிட்ட இருக்கிற பேர்லிங்டனில ஒரே கோடையில ஏழு பேரைக் கயோட்டியள் தாக்கினதுகள், அங்க ஆக்கள் சாப்பாடு வச்சுப் பழக்கினதுதான் காரணம் எண்டு சிற்றியே சொன்னது, கடைசியில அந்தக் கயோட்டியளைக் கொல்ல வேண்டி வந்தது. என்னை உலுக்கினது அந்தப் பேர்லிங்டன் கதைதான். சாப்பாடு வச்ச ஆள் இரக்கத்திலதான் வச்சிருக்கும், கடி விழுந்தது ஆருக்கோ, செத்தது கயோட்டி.

பிடிச்சுக்கொண்டு போய்க் காட்டில விடச்சொல்லி எழுதியிருக்கிறியள். ஒன்ராறியோச் சட்டப்படி பிடிச்ச மிருகத்தைப் பிடிச்ச இடத்தில இருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளதான் விடலாம், எங்கட வாசல்ல இருந்து ஒரு கிலோமீற்றர் எண்டா அதே ஹைட்ரோ லைன்தான். கொல்லச் சொல்லுறதெண்டாலும், 2025ல ரொறன்ரோ டவுன்ரவுனில லிபேர்ட்டி வில்லேஜ், ஃபோர்ட் யோர்க் பக்கம் கனக்க நாயள் கடிபட்டு ஆக்கள் சத்தம் போட்டு, சிற்றி ரெண்டைக் கொன்றது. ஆனா இடமும் சாப்பாடும் இருக்குமட்டும் ஒண்டு போன இடத்துக்கு இன்னொண்டு வரும். புதுசா வாறது இந்த இடமும் தெரியாது, எங்களையும் தெரியாது, இருக்கிறதை விட அது நல்லதா இருக்கும் எண்டு ஆர் பொறுப்பு?

சிக்காகோவில ஸ்ரான் கெர்ட் எண்ட விஞ்ஞானி 2000ம் ஆண்டில இருந்து நகரத்துக் கயோட்டியளுக்குக் கழுத்துப்பட்டி போட்டுப் பின்தொடருறார். அவையள் 1,400க்கு மேல கயோட்டிக் கழிவை எடுத்துப் பிரிச்சுப் பாத்தவை, 42 வீதத்தில எலி மாதிரிச் சின்னப் பிராணியள், 23 வீதத்தில பழம், 22 வீதத்தில மான், 18 வீதத்தில முயல், எங்கட குப்பை, சாப்பாடு எண்டது ரெண்டு வீதத்தில மட்டும்தான். கனக்கக் கயோட்டியளுக்கு எங்கட சாப்பாடு தேவையே இல்லை. அந்தக் கொஞ்சத்துக்குப் பழகுற ஒண்டு ரெண்டுதான் பயம் விட்டுப்போய்ப் பகல்ல வாசலுக்கு வரும்.

இப்ப எங்கட இடத்தை ஒருக்காப் பாருங்கோ. பின்பக்கம் இருக்கிற பெரிய குப்பைத்தொட்டிண்ட மூடி போன ஐப்பசியில உடைஞ்சது. நான் ரெண்டு தரம் எழுதிக் குடுத்தனான், இன்னும் அப்பிடியே கிடக்கு. சனிக்கிழமையில மீன் வெட்டின செதிலும் கோழித்தோலும் பையோட அதுக்குள்ள போகுது, ரக்கூன் கிழிச்சு இழுக்குது, எலி வருது, எலிக்குப் பின்னால கயோட்டி வருது. கடைசி வரிசையில பியர் மரத்துக்குக் கீழ விழுந்த பழம் கூட்டாமக் கிடக்கும். பறவைக்குத் தொங்கவிட்ட தீனி நிலத்தில கொட்டுப்பட்டு அதிலயும் எலி. நேரா எழுதுறதுக்குக் கஸ்டமா இருக்கு, ஆனா எங்களில ஒருத்தர் மிச்சக் கறிச் சாப்பாட்டை வேணுமெண்டே வேலிக்கு அங்கால கொட்டுறதை நான் கண்ணால கண்டனான். ரொறன்ரோவில 2023 ஏப்ரல் 1ல இருந்து காட்டு மிருகங்களுக்குச் சொந்த வளவிலயும் சாப்பாடு வைக்கேலாது. நான் ஆரையும் பிடிச்சுக் குடுக்க மாட்டன், தயவுசெய்து நிப்பாட்டுங்கோ, அவ்வளவுதான்.

மற்றது காகத்துக்குச் சோறு. சனிக்கிழமையும் அமாவாசையும் எங்கட வரிசையில நாலஞ்சு வீட்டில பின்வளவில சோறு வைக்கிறது, எங்கட வீட்டிலயும் அப்பா செத்த நாளில இருந்து வைக்கிறது. காகம் எடுக்கிறது கொஞ்சம், மிச்சம் இரவு மட்டும் அப்பிடியே கிடக்கும், நெய்யும் பருப்பும் சேந்த சோறு எவ்வளவு தூரத்துக்கு மணக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். இதை ஆரும் வெளியில கதைக்க விரும்பேல்ல, ஏனெண்டா அது செத்தவைக்கு வைக்கிற சாப்பாடு. நான் அம்மாட்டைச் சொல்லப் பயந்து பயந்து மூண்டு நாள் இருந்தன். சொன்ன உடன அம்மா, "காகத்துக்கு எண்டு வச்சு அந்தக் குட்டியளைச் சாகக் குடுக்கிறதோ" எண்டு கேட்டவ. இப்ப அப்பாண்ட படத்துக்கு முன்னால படைச்சுப்போட்டு நாங்களே எடுத்துச் சாப்பிடுறம். அம்மாக்கு அது லேசான முடிவில்லை.

கண்டா என்ன செய்யிறது எண்டதை வயசு போன ஆக்களுக்கும் பிள்ளையளுக்கும் தமிழில ஆராவது சொல்லோணும், சிற்றிண்ட பேப்பர் வந்தாலும் எங்கட அம்மம்மாமார் அதை வாசிக்கிறேல்ல. ஓடவே கூடாது, ஓடினா கலைக்கும். முதுகு காட்டக் கூடாது. குனியவும் கூடாது, குனிஞ்சா நாங்கள் சின்னனாத் தெரிவம், ஊர்ப் பழக்கத்தில கை தானாக் கல்லுக்குப் போகும், அதை மறக்கோணும். நிமிந்து நிண்டு, கையை மேல தூக்கி விரிச்சு, "போ அங்கால!" எண்டு அடிவயித்தில இருந்து கத்தோணும், பிறகு அதைப் பாத்தபடியே பின்னால பின்னால நடந்து வாறது. குடை நல்ல ஆயுதம், அதுக்கு நேர நீட்டிப் பட்டெண்டு விரிச்சா கனக்கக் கயோட்டி திரும்பி ஓடும். கறுப்புக் குப்பைப் பை ஒண்டைப் பொக்கற்றில வச்சிருந்து உதறினாலும் சரி. ஆனா குட்டிக் காலத்தில குழிக்குக் கிட்ட நிண்டுகொண்டு கத்திக் கலைக்கப் போகாதேங்கோ, அதுக்குப் போக வேற இடமில்லை, நாங்கள்தான் அமைதியா விலகி வரோணும். சின்னப் பிள்ளையெண்டா உடன தூக்குங்கோ, சின்ன நாயையும் அப்பிடித்தான். நாய்க் கயிறு ரெண்டு மீற்றருக்கு மேல போகக்கூடாது, அந்த நீண்டு நீண்டு போற கயிறால நாயைக் கெதியா இழுத்தெடுக்கேலாது. பூனையை இரவில வெளிய விடாதேங்கோ.

மயிர் கொட்டி, தோல் தெரிய, பகல்ல தள்ளாடித் திரியிற ஒண்டைக் கண்டா உடன விசர் எண்டு பயப்பிடாதேங்கோ, கனக்கத் தரம் அது சொறி, வருத்தக்காரக் கயோட்டி. ஆனா கிட்டப் போகவும் வேண்டாம், சிற்றிண்ட 311 நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. ஆரையாவது தாக்குது, இப்பவே ஆபத்து எண்டா 911. கடி விழுந்தா, கீறல் எண்டாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கன நேரம் கழுவி அண்டைக்கே டொக்டரிட்டைப் போகோணும், விசர்நாய்க்கடி ஊசி வேணுமோ இல்லையோ எண்டு அவை முடிவெடுப்பினம்.

நிர்வாக சபையிட்டை நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. தொட்டிக்குப் பூட்டுற மூடி, அதைச் சுத்தி வேலி. பியர் மரத்துக்குக் கீழ கிழமைக்கு ரெண்டு தரம் கூட்டுறது. வாசல்ல ஒரு நோட்டீஸ், இங்கிலிசோட தமிழிலயும், தமிழை நான் எழுதித் தாறன். ஆடி முடியிற மட்டும் விடிய நடக்கிற ஆக்களை அந்தப் பத்தைப் பக்கம் விட்டுப்போட்டு மற்றப் பக்கத்தால போகச் சொல்லுறது, அதுக்குள்ள குட்டியள் வளந்து குழியை விட்டு வெளிக்கிட்டிடும்.

அம்மா இன்னும் தனிய வெளிக்கிடுறேல்ல. வாற சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு நான் அவவைக் கூட்டிக்கொண்டு கேற்றடியில நிப்பன், உங்கட வீட்டில வயசு போன ஆக்கள் இருந்தா அனுப்பிவிடுங்கோ, மழை இல்லாட்டியும் ஆளுக்கொரு குடை கொண்டு வரச்சொல்லுங்கோ. பெட்டிசத்தையும் கொண்டுவாங்கோ, தொட்டிக்கு மூடி போடச்சொல்லி மாத்தி எழுதினா நானும் அம்மாவும் அதிலயே நிண்டு கையெழுத்து வைக்கிறம்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில இருக்கிற உங்கட அயல் வீட்டுக்காரி