அதே லேசர் இல்லை

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் நீ உன் ஆய்வகத்தில் மூலக்கூறுகளை லேசரால் குளிர்விக்கும் சோதனையைப் பற்றிப் போனில் "சிக்னல் மறுபடி காணோம்ப்பா" என்றபோது, "அணுவையே குளிரவைத்தாயிற்று, மூலக்கூறு என்ன பெரிய விஷயம், அதே லேசர்தானே?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய வாத்தியார் திமிர், வேறென்ன.

அப்புறம் நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன்.

குளிர்விப்பது என்றால் வேகத்தைக் குறைப்பதுதானே. உன் மூலக்கூறான ஸ்ட்ரான்ஷியம் மோனோஃப்ளோரைடையே எடுத்துக்கொண்டேன். 4 கெல்வின் ஹீலியத்தில் குளிர்ந்து வெளியே வந்தாலும் நொடிக்கு நூற்றுச் சொச்சம் மீட்டர் பாய்கிறது. எதிரே வரும் லேசரின் ஒரு ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, வாங்கினால் குறையும் வேகம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படியானால் ஒரே மூலக்கூறு இருபதாயிரம் தடவையாவது ஃபோட்டானை வாங்கி உமிழ்ந்து, ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கே திரும்பியாக வேண்டும். அணு சமர்த்தாகத் திரும்பிவிடும். இதுவோ நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு தடவை அதிர்ந்துகொண்டே போய் முதல் அதிர்வு நிலையில் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே போனால் உன் 663 நானோமீட்டர் சிவப்பு லேசர் அதைத் தொடவே தொடாது.

0.98ஐ நூறு தடவை பெருக்கினேன். 0.13 வந்தது. நூறு ஃபோட்டானுக்குள் எட்டில் ஏழு பங்கு போயே போச்சு! பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனைக்கும் ஃபோட்டானை வாங்கிக் கிளர்ந்த நிலையில் பிணைப்பு நீளம் (இரண்டு அணுக்களுக்கும் நடுவே உள்ள தூரம்) அதிகம் மாறாததால் குறைவாகவே அதிரும் நல்ல பிள்ளையாம் இது. மற்றவை இதைவிட மோசமாம்.

தப்பிப் போனதைத் திருப்பிக் கொண்டுவர 686 நானோமீட்டரில் இரண்டாவது லேசர், அதையும் மீறி இரண்டாம் அதிர்வு நிலைக்குப் போய்விடுவதைத் திருப்ப மூன்றாவது. சரி, மூலக்கூறு சுழலவும் செய்யுமே, அந்தச் சுழற்சியை என்ன செய்வார்கள் என்று குழம்பினேன். அதற்குத் தனி லேசரே வேண்டாம், முதல் சுழல் நிலையிலிருந்து தொடங்கினால் எந்த நிலையிலிருந்து எதற்குத் தாவலாம் என்று சொல்லும் தேர்வு விதிகளே மற்ற சுழல் நிலைகளுக்குப் போகும் கதவை அடைத்துவிடும் என்று படித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நன்றாக இருக்கிறது என்றாள், எனக்காகச் சொன்னாள்.

சோடியம் அணுக்களைக் காந்தப்புலமும் லேசரும் சேர்ந்து பிடித்துவைக்கும் காந்த-ஒளிப் பொறியில் பிடித்தது 1987இல். ஒரு மூலக்கூறை லேசரால் குளிர்வித்துக் காட்ட, யேல் பல்கலைக்கழகத்தில் டெமில் குழுவினருக்கு 2010 ஆயிற்று. அதே மூலக்கூறு மூன்று திசையிலும் பொறியில் அடங்கியது 2014இல்தான். இது தெரியாமல்தான் உன்னிடம் "இன்னுமா?" என்று மாதாமாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி கேட்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு சந்தேகம்: சிக்னல் போன அன்று 686 லேசர் அலைநீளம் நகராமல் லாக் ஆகித்தான் இருந்ததா? முதலிலேயே பார்த்துவிட்டேன் என்பாய். அதைச் சொல்வதற்காவது ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அப்பா