ஸ்டாம்ஃபோர்டில் பழைய வீடு வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் முகப்பு, மேலும் கீழும் தள்ளித் திறக்கிற உயரமான ஜன்னல்கள். ஆசைப்படாமல் எப்படி இருப்பாய்? இங்கிலாந்தில் 1967-ல் பழைய கட்டிடங்களைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியாக முதன்முதலாக அறிவித்த ஊரே அதுதான்.

ஆனால் இந்த வீடு அரசு பாதுகாக்கிற பழைய கட்டிடங்களின் பட்டியலில் இருக்கிறது. "அதில் கடைசிப் படியான கிரேடு 2 தானே, முகப்பைத் தொடாமல் இருந்தால் போதும்" என்று ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்பாதே. வீடு அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் உள்ளே இருக்கிற படிக்கட்டு, கதவு, கணப்பு, பின்கட்டு எல்லாமே சேர்த்திதான். 1948 ஜூலைக்கு முன்பே வளாகத்தில் இருந்த மதிலும் கொட்டகையும்கூடப் பெரும்பாலும் அதில் வந்துவிடும். வீட்டின் தன்மை மாறுகிற மாதிரி எதைச் செய்வதென்றாலும் கவுன்சில் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, அனுமதி இல்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம்.

எனக்குப் பயம் நீ செய்யப் போவதைப் பற்றி இல்லை, உனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததைப் பற்றித்தான். பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார், மாடியில் இரண்டு பிளாஸ்டிக் ஜன்னல் தெரிகிறது. அதை அனுமதி வாங்காமல் மாட்டியிருந்தால் வழக்கு உன்மேல் வராது, ஆனால் பழையபடி மாற்றச் சொல்லும் நோட்டீஸ் அந்தச் சமயத்தில் உரிமையாளராக இருப்பவருக்குத்தான், அதாவது வாங்கிவிட்டால் உனக்குத்தான் வரும், எத்தனை வருஷம் கழித்தும் வரலாம். விலை பேசுவதற்கு முன் வக்கீலை விட்டு அனுமதிக் காகிதங்களைக் கேட்கச் சொல்.

அப்புறம் அந்த அடிச்சுவர். சாம்பல் நிறத்தில் பூசியிருக்கிறதே, அது சிமென்ட் மாதிரிதான் தெரிகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லின் முகம் பொலபொலவென உதிரும். பழைய வீட்டைச் சோதித்துச் சொல்லத் தெரிந்த சர்வேயரைக் கூப்பிடு.

கூரை, பக்கத்து ஊரான காலிவெஸ்டன் பெயரில் வழங்கும் கல் ஓடு என்றால் செலவைத் தனியாக எடுத்து வை. சுண்ணாம்புக்கல்லை ஈரமாகவே வைத்து, குளிர்கால உறைபனி அதைப் பிளக்கும்வரை காத்திருந்து செய்த ஓடு அது. பனி போதாமல் அந்தத் தொழிலே படுத்துப்போய், இப்போது ஃபிரீசரில் வைத்துப் பிளக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

மாடியில் அடைத்திருக்கிற ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டாயே. 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று யாராவது கதை சொல்வார்கள். அப்படி அடைத்ததும் உண்டு, முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பத்திலேயே குருட்டு ஜன்னலாகக் கட்டியதும் உண்டு. எதுவானாலும் கேட்காமல் ஒரு கல்லையும் பெயர்க்காதே. சரி, சர்வே ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, அதற்குள் முன்பணம் எதுவும் கட்டிவிடாதே.

அக்கா